ஹோல்டில் இருந்த குரல்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது லாஸ்பேட்டையில், கிடார் வாசிக்கிற செல்வகுமாரின் மாடி அறையில், பட்டப்பகலில் நடந்தது.

அவனுடைய கச்சேரிக் குழுவின் பாடகன் முஹம்மது ஆரிப். இருவரும் ஆசைப்பட்டு ஒரு டிலே பெட்டி வாங்கினார்கள். உள்ளே போகிற சத்தத்தை அது திருப்பித் திருப்பிச் சொல்லும். சும்மா சொல்லாது. குரலை ஆட்டும், இழுக்கும், நாம் போட்டுக் கொடுத்த வரிசைப்படி, விளக்குகள் ஒவ்வொன்றாக மின்ன, ஏற்றி இறக்கும். ‘ஹோல்ட்’ பொத்தானை அமுக்கிவிட்டால், கரண்ட் இருக்கும்வரை ஓயாது.

வாங்கிய அன்றே, மைக்கைத் திறந்துவைத்து ஆரிப் அதை நோண்டிக்கொண்டிருந்தபோது அவன் தாய் ஷரீபா போன் செய்தார். “உம்மா, இதோ வந்துட்டேன்” என்றான். கை பட்டு ஹோல்ட் அமுங்கியதைக் கவனிக்காமல் பைக்கை எடுத்தான். ஈ.சி.ஆர். திருப்பத்தில் லாரி. அவன் வீடு போய்ச் சேரவில்லை.

பெட்டி மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது.

அணைக்கச் செல்வகுமாருக்குக் கை வரவில்லை. இன்வெர்ட்டர்கூடப் போட்டான். ஷரீபா தினமும் வந்து ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

“போன்ல அவன் வீடியோ இருக்கேம்மா?” என்றான் செல்வகுமார்.

“அது பழசு தம்பி. இதுல இப்பப் பேசுறான்.”

பாவம், பெற்ற வயிறு.

அவனுக்காக நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த பிறகுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. பெட்டியின் வரிசை விளக்குகள் நின்றுபோயிருந்தன. ஆனால் குரல் தானாகவே ஏறி இறங்கியது. வார்த்தைகளுக்கு நடுவே... ஒரு மூச்சு. முன்பு அது இல்லை.

வெள்ளிக்கிழமை. மதியம் மூன்றே கால். ஷரீபா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உம்மா... இதோ வந்துட்டேன்...”

“உம்மா... இதோ...”

“உம்மா... முடியல...”

செல்வகுமார் ஸ்பீக்கரிடம் குனிந்தான்.

“கேட்டீங்களாம்மா?”

“கேட்டேன். வந்துட்டேங்கிறான்.”

“மூச்சு முட்டுது... செல்வா... நிறுத்துடா...”

அதே குரல். அழுதது.

ஷரீபா சிரித்துக்கொண்டிருந்தார்.

பிளக்கைப் பிடுங்கினான்.

அமைதி...

ஷரீபா அலறவில்லை. “ஏம்ப்பா?” என்று மட்டும் கேட்டார். அவன் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை ஆரிப்பின் தங்கை நூரீன் போன் செய்தாள்.

“செல்வாண்ணே, ஒங்க போன்ல அண்ணன் வீடியோ இருக்கா? போட்டுப் பாருங்க.”

போட்டான். ஒரு கல்யாணக் கச்சேரி. டிரம்ஸ் கேட்டது. பந்தியில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. ஆரிப்பின் வாய் அசைந்தது. குரல் இல்லை.

அடுத்த வீடியோ. இல்லை.

வாட்ஸ்அப்பில் அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்.

“எங்க போன்லயும் இப்படித்தாண்ணே” என்றாள் நூரீன்.

இன்றுவரை யாருக்கும் காரணம் தெரியாது. அன்று செல்வகுமார், பத்து வருஷம் கூடவே கேட்ட அந்தக் குரலை மனசுக்குள் கொண்டுவரப் பார்த்தான். பாட்டு வந்தது. முகம் வந்தது. குரல் வரவில்லை.

பெற்றவருக்கும் வரவில்லையாம்.