நல்லம்மாளுக்கு வாய்த்த இரண்டு டிராக்டர்கள்

மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் வாங்கி வருகிறேன் என்று போன அய்யாவு, டிராக்டரோடு திரும்பி வந்தார்.

ஓட்டிக்கொண்டு வந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய வண்டி மாடுகள் மூன்று ஜோடியாகப் பூட்டப்பட்டு, நுரை தள்ளிக்கொண்டு அதை இழுத்து வந்தன. வண்டிக்காரன் கன்னையா முன்னால் நடந்து மாடுகளை அதட்டினான். அய்யாவு மட்டும் டிராக்டரின் இரும்பு இருக்கையில், தேரில் ஏறிய சாமி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். சாமான் வாங்கக் கிள்ளான் பாசாருக்குக் கிளம்பியவர்களில் பாதிப் பேர் பாசாரை மறந்துவிட்டு, காப்பார் சாலையில் அவர் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

நல்லம்மாள் பால் கறந்துகொண்டிருந்த கையோடு வாசலுக்கு வந்தாள்.

"தகரம் எங்கங்க?"

"தகரம் ஏலத்துல வித்துப்போச்சு. இதைக் கேக்க ஒரு ஆள் இல்ல."

"ஏன் இல்லேன்னு யோசிச்சீங்களா?"

"பத்து மாடு செய்யிற வேலைய இது ஒண்ணே செய்யும், புள்ள."

"அப்புறம் ஏன் ஆறு மாடு இதை இழுத்துக்கிட்டு வருது?"

கூட்டம் சிரித்தது. அய்யாவு காதில் விழாதவர் போல இறங்கி, டிராக்டரின் மூக்கைத் துண்டால் துடைத்தார்.

மலாயாவில் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம் அது. சுற்றுவட்டாரத் தோட்டங்கள் பல மூடிக் கிடந்தன. துரைமார்கள் கப்பலேறிப் போக, அவர்கள் விட்டுச் சென்ற மேசை நாற்காலி முதல் தகரக் கூரை வரை ஏலத்துக்கு வந்தன. தோட்டத்துச் சாமான்களை ஏற்றி இறக்கி வந்த அய்யாவுவின் மாட்டு வண்டிகளுக்கும் வேலை இல்லை. மிச்சம் இருந்தது காப்பார் சாலையோரம் அவர் முன்பே வாங்கிப் போட்டிருந்த நிலம்தான். மேட்டில் தென்னை, நடுவே மரவள்ளி, கடலோரம் போகப் போகச் சேறு. இனி நிலமே கதி என்று முடிவெடுத்தவர், அதற்கு முதல் காரியமாகச் செய்தது இது.

நல்லம்மாள் இயந்திரத்தைக் கண்டு மிரளுகிறவள் அல்ல. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அப்பா தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். தொட்டிலுக்கு ஐம்பதடி தள்ளி எஞ்சின் ஊதும்போதுதான் அவளுக்குத் தூக்கமே வரும் என்று அம்மா சொல்வாள். அவள் மிரண்டது புருஷனின் உற்சாகத்தைக் கண்டு. இதற்கு முன் ஒரு முறை அவர் தேனீ வளர்க்க உற்சாகப்பட்டார். வீட்டில் எல்லாருக்கும் முகம் வீங்கியதோடு அது முடிந்தது.

செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்த அவளுடைய தம்பி சபாபதி, ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்தான். டிராக்டரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சாக்கில் பரப்பினான். திரும்பப் பூட்டி முடித்தபோது சாக்கில் சில நட்டுகள் மிச்சம் இருந்தன.

"இதெல்லாம் எங்கடா போகணும்?" என்றாள் நல்லம்மாள்.

"அதெல்லாம் சும்மா அழகுக்கு வச்சதுக்கா."

முதலில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கிளப்ப வேண்டும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். முன்னால் இருக்கும் கைப்பிடியைச் சுழற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்காவிட்டால், அது திருப்பி அடித்து மணிக்கட்டை முறித்துவிடும். சபாபதி இதையெல்லாம் அய்யாவுக்குச் சொல்லிக் கொடுத்தான். அருகில் சாணி தட்டிக்கொண்டிருந்த நல்லம்மாள் காதிலும் அது விழுந்தது.

அய்யாவு சுழற்றினார். டிராக்டர் இருமியது, துப்பியது, பிறகு பீரங்கி போல ஒன்று வெடித்தது. நல்லம்மாளின் செவலைப் பசு வேலியைத் தாண்டி மலாய்க் கிராமமான கம்பத்துக்குள் ஓடி, ஒருவர் வீட்டுச் சமையற்கட்டில் போய் நின்றது. அன்று அது ஒரு சொட்டுப் பால் தரவில்லை.

"மிசின் ஓடுது பாத்தியா!" என்று கத்தினார் அய்யாவு.

"மாடும் ஓடுது, பாத்தேன்" என்றாள் அவள், கயிற்றை எடுத்துக்கொண்டு.

அடுத்த வாரமே பொதுப்பணி ஓவர்சியர் சண்முகரத்தினம் குடையோடு வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். தன் பொறுப்பில் இருந்த சாலையைத் தன் வீட்டு முற்றம் போலப் பார்த்துக்கொள்கிறவர். டிராக்டரின் பின்சக்கரங்கள் இரண்டும் முழு இரும்பு, சுற்றிலும் கத்தி போன்ற பற்கள். அது போன வழியெல்லாம் சாலை கொத்திப் போட்டது போலக் கிடந்தது.

"என்ன அய்யாவு, உங்கட மிசின் என்ர ரோட்டை உழுதுபோட்டுதே. இதில என்ன விதைக்கப் போறீர்?"

"மன்னிச்சிருங்கய்யா. வயல்ல இறக்கப் போனேன்."

"வயலுக்கை எண்டால் வயலுக்கை மட்டும். இனி ரோட்டில ஏத்தினால் நான் பொல்லாதவன்."

அய்யாவு சொல் தட்டாமல் வயலுக்குள் இறக்கினார். மேட்டு நிலத்தை டிராக்டர் வெண்ணெயாய் உழுதது. நல்லம்மாளுக்கே ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது. அந்த வெற்றியில் தலைகால் புரியாமல் அவர் பள்ளத்துச் சேற்றிலும் இறக்க, டிராக்டர் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றித் தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டு அச்சுவரை அமிழ்ந்தது. மாடுகளைக் கட்டி இழுத்தார்கள். மாடுகளும் அமிழ்ந்தன. மாடுகளை மீட்பதற்குள் பொழுது போய்விட்டது.

இரண்டாவது டிராக்டர் வந்தது இதனால்தான். ரவாங் பக்கம் மூடிக் கிடந்த ஒரு தோட்டத்திலிருந்து லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். முதல் டிராக்டரை இழுக்க இரண்டாவது. இது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரித் தெளிவாக இருந்தது. அது இழுக்கவும் செய்தது. ஒரு பெரிய சத்தத்தோடு முதலாவது சேற்றிலிருந்து வெளியே வந்ததும் அய்யாவு சாலையில் போன சீனர், ஜாவாக்காரர் எல்லாரிடமும் கை குலுக்கினார்.

"இப்ப என்ன சொல்றே?" என்றார் மனைவியிடம்.

"சக்களத்தி ஒருத்தி வந்தா வீட்டுக்கு ஆகாதும்பாங்க. எனக்கு ரெண்டு பேரு. ரெண்டும் மண்ணெண்ண குடிக்குது."

அன்று முதல் முதலாவது டிராக்டர் மூத்தவள், இரண்டாவது இளையவள். மூத்தவள் கிளம்பத் தாமதம், கிளம்பினால் நிற்காது. இளையவள் சட்டென்று கிளம்பும், நினைத்த இடத்தில் நின்றுவிடும்.

இரண்டு டிராக்டருக்கு ஓட்டுநர் ஒருவர்தான் என்பது அய்யாவுக்குப் பிறகுதான் உறைத்தது. இளையவள் மேல் கன்னையாவை ஏற்றிவிட்டார்கள். கன்னையா ஆயுள் முழுக்க மாடு ஓட்டியவன். வீட்டை நெருங்கும்போது ஸ்டீயரிங்கை மூக்கணாங்கயிறு போலத் தன் நெஞ்சுக்கு இழுத்து, "ஹோ, ஹோ, நில்லு ராசா!" என்று கெஞ்சினான். ராசா நிற்கவில்லை. கோழிக்கூட்டுக்குள் ஒரு பக்கமாக நுழைந்து மறுபக்கமாக வெளியே வந்து, பலாமரத்தில் மூக்கை வைத்தது.

"சொன்னதைக் கேக்கலக்கா அது" என்றான் நல்லம்மாளிடம்.

"மிதிக்க வேண்டியத மிதிச்சியா?"

"நான் ஏன்க்கா அதை மிதிக்கணும்? பாவம்."

அதற்குப் பிறகு இளையவள் பெரும்பாலும் கொட்டகையில்தான் நின்றாள். ஒரு வீட்டில் எதற்கு இரண்டு என்று கிள்ளானில் கேட்காதவர் இல்லை. அய்யாவு கோயிலுக்குப் போனாலும் அர்ச்சகர் முதலில் டிராக்டர்களின் சுகத்தைத்தான் விசாரித்தார்.

அந்த வருஷக் கடைசியில், மழையும் கடலேற்றமும் ஒன்றாக வந்த ஒரு காலையில், கடலோர வரப்பின் மதகு பிய்த்துக்கொண்டு போனது. அந்த வரப்புதான் உப்புத் தண்ணீரை வெளியே நிறுத்தி வைத்திருந்தது. மதகின் இரண்டு கனத்த தூண்கள் மட்டும் நிற்க, நடுவே கடல் வாய்க்காலுக்குள் நுழைய ஆரம்பித்தது. உச்ச ஏற்றத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் அடைக்காவிட்டால் அய்யாவு நிலம் மட்டுமல்ல, கீழண்டை சீனர்களின் காய்கறித் தோட்டம், கம்பத்துத் தென்னை எல்லாம் உப்பேறிவிடும்.

மண்வெட்டியோடு எல்லாரும் ஓடி வந்தார்கள். கொட்டிய மண் கொட்டிய வேகத்தில் கரைந்தது. ஓவர்சியர் சண்முகரத்தினமும் வந்து சேர்ந்தார். வரப்புக்கு வெளியே, சேற்றில் சரக்கேற்றும் பழைய தொங்கான் படகு ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. ஏறிய தண்ணீரில் அது லேசாக ஆடத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அய்யாவுக்குப் பொறி தட்டியது.

"அதைக் குறுக்கால கொண்டாந்து தூண்ல ஒட்டிட்டா, தண்ணியே அதை அழுத்திப் பிடிச்சுக்கும்யா!"

"ஓம், சரிதான். ஆனால் ரெண்டு நுனியையும் ரெண்டு கரையிலயும் நிண்டு ஒரே சீராய் இழுக்க வேணும்" என்றார் ஓவர்சியர். "ஒரு பக்கம் முந்தினாலும் படகு மூக்கைத் திருப்பிக்கொண்டு உள்ள பூந்திடும். அவ்வளவு இழுவைக்கு எங்க போறது?"

சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். எல்லாரும் அய்யாவுவைப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் எதற்கு இரண்டு என்ற கேள்வி அந்த நிமிடத்தோடு கிள்ளானில் முடிந்து போனது.

அய்யாவு மூத்தவளைக் கிளப்பினார். இளையவளை அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குச் சாலைப் பாலம் ஒன்றுதான் வழி. கன்னையா ஏற்கெனவே கூட்டத்தின் பின்வரிசைக்குப் போயிருந்தான். நல்லம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துக்கொண்டு கைப்பிடியைச் சுழற்றினாள். இளையவள் இரண்டாவது சுற்றிலேயே கிளம்பினாள்.

"ஏய், நீ எங்கே ஏர்றே? உனக்கு என்ன தெரியும்?" என்று அய்யாவு பதறினார்.

"நீங்க பண்ணின தப்பு அத்தனையும் தெரியும். அதைப் பண்ணாம இருந்தா ஓடாதா?"

டிராக்டர் முன்னால் பாய்ந்தது. இருக்கைக்கு அடியில் வந்த அந்த அதிர்வு அவளுக்குப் புதிதாகத் தெரியவில்லை. லயத்துத் தரை ரயில் வரும்போது இப்படித்தான் நடுங்கும். சாலை ஏறும் இடத்தில் அவள் தயங்கி நின்றாள். இளையவளுக்கும் இரும்புச் சக்கரம்தான். ஓவர்சியர் சேற்றில் ஓடி வந்தார்.

"ரோட்டைப் பற்றி இப்ப யோசியாதேங்கோ! ஓட்டுங்கோ, தங்கச்சி, ஓட்டுங்கோ!"

அவள் அவருடைய சாலையை உழுதுகொண்டே பாலத்தைக் கடந்தாள்.

கயிறுகளைக் கம்பத்து ஆட்கள் நீந்திப் போய்ப் படகின் இரு முனைகளிலும் கட்டினார்கள். ஓவர்சியர் வரப்பின் மேல் குடையோடு நின்றார். குடை உயர்ந்தால் இழு, தாழ்ந்தால் நிறுத்து. எஞ்சின் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. குடை உயர்ந்தது. அய்யாவு வழக்கம்போல அவசரப்பட்டார். படகின் அவர் பக்கத்து முனை முந்திக்கொண்டது.

"மெதுவா! மெதுவா!" என்று அக்கரையிலிருந்து நல்லம்மாள் கத்தினாள். கேட்கவில்லை. கையை ஆட்டினாள். அவர் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக இழுத்தார். கடைசியில், உலையில் அரிசி போட்ட பிறகு அவர் தேங்காய் பறிக்கக் கிளம்பும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை ஒன்று பார்த்தாள். வாய்க்கால் அகலம் தாண்டி அது போய்ச் சேர்ந்தது. அய்யாவு சட்டென்று அடங்கினார். அதற்குப் பிறகு அவர் குடையைப் பார்க்கவே இல்லை. அவள் நகர்ந்தால் நகர்ந்தார், அவள் நின்றால் நின்றார். படகு நேராகி, அகன்ற விலா முழுவதையும் காட்டிக்கொண்டு வந்து, இரண்டு தூண்களிலும் சப்பென்று ஒட்டியது. வெளியே ஏறிய கடலே அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது. மண் மூட்டைகளால் இடுக்குகளை அடைத்தார்கள்.

சத்தம் அடங்கியது. இரண்டு சீனப் பெண்கள் நல்லம்மாளைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். பள்ளத்துக் கீரைப் பாத்திகள் அந்த வருஷம் போனது போனதுதான். மற்றதெல்லாம் பிழைத்தது. ஓவர்சியர் மறுநாள் தன் ஆட்களோடு வந்து சாலைக்கு ஒட்டுப் போட்டார்.

அதற்குப் பின் இளையவளை யாரும் நல்லம்மாளிடம் கேட்காமல் தொடவில்லை. காலையில் வீடுகளுக்குப் பால் ஊற்றி முடித்ததும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவாள். பக்கத்து நிலங்களிலிருந்தும் உழவுக்குக் கூப்பிட்டார்கள். அய்யாவு ஒரு உழவுச் சாலில், அவள் அடுத்த சாலில். வீட்டுச் சண்டையை இருவரும் டிராக்டரின் மேலிருந்தே தொடர்ந்தார்கள். எஞ்சினை மீறிக் கத்த வேண்டியிருந்ததால், குழம்பில் உப்பு கூடியதும், யார் கடைச் சீட்டைத் தொலைத்தது என்பதும் காப்பார் சாலை முழுவதற்கும் தெரிந்தது. தமிழே தெரியாத ஜாவாக்காரர் ஒருவர் வேலியோரம் நின்று, அன்று யார் ஜெயித்தார்கள் என்று சரியாகச் சொல்வாராம்.

சில வருஷம் கழித்துச் சபாபதிக்குக் கல்யாணம் வைத்தபோது, நல்லம்மாள் வேலைகளைக் கவனிக்க ஒரு வாரம் முன்னதாகவே பிரிக்பீல்ட்ஸ் போனாள். அய்யாவு கல்யாணத்தன்று வந்தால் போதும் என்று ஏற்பாடு. முதல் நாள் மூத்தவளை ஓட்டினார். மறுநாள் இளையவளை ஓட்டிப் பார்த்தார். சால் நேராகத்தான் வந்தது. குழம்பைப் பற்றி இரண்டு முறை கத்தியும் பார்த்தார். அடுத்த சாலில் கொக்குதான் நின்றது.

அன்று சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் லயத்தில் பெண்கள் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது, கையில் பையோடு வாசலில் வந்து நின்றார்.

"என்னங்க, கல்யாணம் வெள்ளிக்கிழமையில்ல?" என்றாள் நல்லம்மாள்.

"மண்ணெண்ண தீந்துபோச்சு" என்றார்.

இரண்டு டின் நிறைய வைத்துவிட்டுத்தான் அவள் வந்திருந்தாள். அதைச் சொல்லாமல், அவர் பக்கம் ஒரு முறுக்கை நகர்த்தினாள்.