சுத்தமான திரை

தொழிற்சாலை வாசலைத் தாண்டிவிட்டால் மாமா கிடையாது, சார்தான். மாமனார் சோதனைப் பிரிவுக்குத் தலைவர். மருமகள் அவருக்குக் கீழே, இரும்புக்குள் ஒலியை அனுப்பி விரிசல் தேடுகிறவள். கல்யாணமான நாளிலிருந்து அந்த விதியை அவள் மீறியதே இல்லை.

அன்று அவளுக்குப் பொறுக்கவில்லை.

கொட்டகை நடுவே புதிய அழுத்தக் கலன் ஒன்று கிடந்தது. அதன் வெல்டிங் முழுக்கப் உப்புக்கல் மாதிரி பெரிய பெரிய மணிகளாக உறைந்த உலோகம். ஒலி ஒவ்வொரு மணியிலும் பட்டுத் திரும்பும். சோதனைக் கருவியின் திரையில் புல் முளைத்த மாதிரி குட்டிக் கோடுகள் ஆடிக்கொண்டே இருக்கும். பார்த்தால் தலை வலிக்கும்தான். அதற்காக? சின்ன எதிரொலிகளை மறைக்கும் குமிழை மாமனார் திருகினார். குட்டிக் கோடுகள் அத்தனையும் மாயம்.

"திரை கண்ணாடி மாதிரி இருக்கு. பாஸ் போடு."

புல்லோடு சேர்த்து விரிசலின் எதிரொலியையும் வழித்தெறிந்துவிட்டாரே மனுஷர்!

அவள் அதே இடத்தில் ஒலியின் சுருதியை மாற்றி மாற்றி அனுப்பினாள். வந்த எதிரொலிகளைக் கணினியில் ஒன்றாகக் கூட்டினாள். மணிகளின் கோடுகள் ஒவ்வொரு சுருதிக்கும் இடம் மாறி, ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. ஒரே ஒரு கோடு மட்டும் அசையாமல் நின்றது.

"சார், உள்ளே விரிசல் இருக்கு."

"எங்கே, உன் கம்ப்யூட்டர்லயா? கேட்டா அது பேயைக்கூடக் காட்டும்மா!"

வெல்டர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "வீட்டுச் சண்டைய கலன்மேல காட்டுது பாருப்பா," என்றார் ஒருவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். விரிசல் இருந்தால் வெடித்துவிடக்கூடிய அந்தக் கலனில் காற்றை அடைத்துச் சோதிக்க, வால்வருகே கையுறை மாட்டிக்கொண்டு நின்றது அவள் கணவன்.

"மாமா!" விதி உடைந்தது. "வால்வ திறக்கப்போறது உங்க பிள்ளை! அவர் உயிரை வச்சா குமிழைத் திருகுறீங்க?"

சிரிப்பு சட்டென்று நின்றது. மாமனார் மகனைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று.

"கிரைண்டர் கொண்டாங்கடா."

அவள் காட்டிய இடத்தைக் குடைந்து, சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். அதன்மேல் விரிசலுக்குள் புகுந்திருந்த சிவப்பு மயிரிழையாகக் கசிந்து நீண்டது.

"என் வம்சத்தையே காப்பாத்திட்டம்மா..." என்றார் மாமனார்.

அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. கோபம் மட்டும் அடங்கவில்லை.

"இதுக்கு முன்னாடி அனுப்பின கலனுக்கெல்லாம் இப்படித்தானே திருகினீங்க? அங்கெல்லாம் வால்வ திறக்கிறது யார் பெத்த பிள்ளை, சார்?"