சாமி விளக்கும் ஏர்கோன் சான்றிதழும்

மின்சாரத்தை வீணாக்காமல் கட்டடங்களைப் பராமரிப்பதற்கான சான்றிதழுக்கு, தொண்ணூறுகளில் மலாக்காவில் தேர்வெழுதினேன். நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து போனவள். தேர்வுக்கு வந்தவர்களில் நான் ஒருத்திதான் பெண்.

செய்முறைத் தேர்வு ஓர் அலுவலகத்தில். ஏர்கோன் நிற்காமல் ஓட, எல்லாரும் ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். இயந்திரத்தில் பழுதே இல்லை. அறையை ஒருமுறை சுற்றி வந்தேன்.

அப்போதுதான் நல்லெண்ணெய் வாசம் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. குளிரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே, முருகன் படத்தின் முன் விளக்கு எரிந்தது. அந்தச் சூட்டை அறையின் சூடென்று நம்பித்தான் ஏர்கோன் ஓடியிருக்கிறது!

“அக்கா, வெளக்க அந்தப் பக்கம் வைக்கலாமா?” என்று அங்கிருந்த குமாஸ்தாவிடம் கேட்டேன்.

“எரியற வெளக்க நகத்தக்கூடாதுலா!”

“சரிக்கா, சாமி அங்கயே இருக்கட்டும்.”

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டினேன். சற்று நேரத்தில் ஏர்கோன் தானாக அடங்கியது. தேர்வாளர், “பாகுஸ்!” என்று மலாயில் பாராட்டிக் கைகொடுத்தார்.

சான்றிதழ் வந்த அன்று, பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன கைகளால் அம்மா அதைச் சாமிப் படத்தருகே வைத்து விளக்கேற்றினார். நல்ல வேளை, எங்கள் வீட்டில் ஏர்கோன் இல்லை.