கலசத்துக்கு மேல மொத வாணம்

வாணத்துக்குள்ள கெட்டிக்கிற மருந்து எரியணும், வெடிக்கக் கூடாது. எங்க தொழிலே அவ்வளவுதான். வெடிச்சா அது பட்டாசு. நிதானமா எரிஞ்சு, பொகையக் கீழ தள்ளித் தான் மேல போனாத்தான் வாணம். இத ஊருக்கெல்லாம் வெளக்கிச் சொல்ற எனக்குக் கோவம் வந்தா மட்டும் பட்டாசுதான். கஸ்டமர்கிட்டப் பேச்சு வாங்கற எந்தத் தொழில்ல இருந்தாலும் நீங்க நம்ம ஆளு, கேளுங்க.

செஞ்சியில ஒரு வாணக் கம்பெனியில பதினஞ்சு வருஷம் மருந்து கெட்டிச்சேன். இந்த வருஷந்தான் என் பேர்ல லைசென்ஸ் வாங்கி, ஆடியில மொதல் திருவிழா புடிச்சேன். மண்டகப்பட்டுக்கு அந்தாண்ட ஒரு அம்மன் கோயிலு. தர்மகர்த்தா ஒரே கண்டிஷன் போட்டாரு: மொத வாணம் கோபுரக் கலசத்தத் தாண்டணும், தாண்டலன்னா அடுத்த வருஷம் வேற ஆளு. ஒரு ஊர்ல பேரு கெட்டா சுத்துப்பட்டுல எவனும் கூப்புட மாட்டான். ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கல.

வூட்டுக்காரரையே பாத்த ஆபீசரு

லைசென்சுக்கு எழுதிப் போட்டப்ப விசாரிக்க வந்த ஆபீசரு என் பக்கம் திரும்பவே இல்ல. என் வூட்டுக்காரரையே பாத்துப் பாத்துக் கேள்வி கேட்டாரு. மருந்த எங்க வைக்கறீங்க, வூட்டுலேர்ந்து எவ்ளோ தூரம், பத்திக்கிச்சுன்னா இன்னா பண்ணுவீங்க? எங்க வூட்டுக்காரரு டூவீலர் மெக்கானிக்கு, பாவம். மூணுக்கும் நான்தான் பதில் சொன்னேன். நாலாவது கேள்வியும் அவர்கிட்டயே போனப்ப எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவரே கையெடுத்துக் கும்பிட்டாரு.

"சார், குக்கர் விசிலடிச்சாலே நான் தெருவுக்கு வந்துடுவேன். எதுவா இருந்தாலும் அவளையே கேட்டுடுங்க."

காலியாக் கெடக்கற கிடங்கு

திருவிழாவுக்கு நாலு நாளு இருக்கறப்ப மழை புடிச்சிக்கிச்சு. என் கொட்டாயில ஒரு மூல ஒழுகுது. ஈரம் கோத்த மருந்து வாணத்தத் தூக்காது, தரையிலயே புஸ்ஸுன்னு பொகஞ்சிட்டு நின்னுடும். எனக்கு இருந்த டென்ஷன்ல, மெட்ராஸ்லேர்ந்து வந்த நாத்தனாரு வேற செஞ்சிக் கோட்டையப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. அவங்க போட்டோ எடுத்துக்கினு இருக்க, நான் பழைய வெடிமருந்துக் கிடங்குல நின்னு செவுத்தத் தடவிக்கினு இருந்தேன். இன்னா கனம், இன்னா கட்டு. வெளிய மழை ஊத்தி ஓஞ்சிருக்குது, உள்ள சொட்டு ஈரம் இல்ல. வயித்தெரிச்சல்ல வாட்ச்மேனக் கேட்டே புட்டேன்: "அண்ணே, ரெண்டே நாளு. என் வாணப் பொட்டிய இங்க வச்சிக்கட்டுமா?"

சுத்திமுத்தும் பாத்துட்டு அவரு சொன்னாரு: "ராஜா காலத்து மருந்து தீந்துபோயி இப்பத்தான் நிம்மதியா இருக்குது. நீ வந்து ரொப்பப் பாக்கறியாமா?"

மூணாவது வரப்பு

கடசியில கொட்டாய்க்குத் தார்ப்பாய் போட்டு, ஒழுகின மூலையில இருந்த பன்னெண்டு வாணத்த ஒதுக்கிட்டு, மீதிய எங்க மினி வேன்ல ஏத்திக்கினு நானும் வூட்டுக்காரரும் கோயில் ஊருக்குப் போயிச் சேந்தோம்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. மொத வாணத்தோட குச்சி யாரு கொல்லையில விழுதோ, அடுத்த வருஷம் அம்மன் கழுத்து மாலை மொதல்ல அவங்களுக்குத்தான். மத்தியானம் வாணம் நிறுத்தற கொழாய நட்டுக்கினு இருக்கேன், ஆளாளுக்கு வந்து காதக் கடிக்கறாங்க. கண்டிஷன் போட்ட தர்மகர்த்தாவே ஓரமா வந்து, "கெழக்கால கொஞ்சம் சாச்சி வையேன்"ங்கறாரு. கெழக்கால அவரு கரும்பு நிக்குது. கோயிலுக்குப் பின்னால ஒரு காணி வச்சிருக்கற அஞ்சல அக்காவும் வந்தாங்க. வாக்கப்பட்டு வந்து இருவது வருஷமாச்சாம், ஒரு தடவ கூட அவங்க கொல்லையில குச்சி விழலயாம். "அக்கா, நான் நேராத்தான் விடுவேன். விழறது காத்து கையில"ன்னு தலதலயா அடிச்சிக்கறேன். அவங்க இடுப்புல கைய வச்சிக்கினு கேட்டாங்க:

"ராக்கெட்டு நெலாவுக்கே கரெக்டா போயி எறங்குது. உன்னால மூணாவது வரப்புல ஒண்ணு எறக்க முடியாதா?"

காத்து நின்ன நேரம்

பொழுது சாயற நேரம், சாமி வெளிய வந்துடுச்சு, மேளம் கொட்டுது. நான் ஊதுபத்தியக் கொளுத்திப் பொகையப் பாத்தா, அது நேரா வைக்கப் போரு பக்கம் சாயுது. "பத்த வையிமா"ங்கறாரு தர்மகர்த்தா. "காத்து நிக்கட்டும்"ங்கறேன். "நேரம் போவுது"ங்கறாரு. கூட்டத்துல ஒருத்தன், "பொம்பளைக்குப் பயம் வந்துடுச்சுடா"ன்னான். எனக்குக் காது மடல் வரைக்கும் கொதிக்குது. எரியணும், வெடிக்கக் கூடாதுன்னு எனக்கே சொல்லிக்கினு பல்லக் கடிச்சிக்கினு நின்னேன்.

பொக நிமிந்துச்சு. திரியில வச்சேன். ஒரு நொடி ஒண்ணுமே நடக்கல. என் உசுரு போயிட்டு வந்துச்சு. அப்பறம் சர்ருன்னு ஒரு சீறல். கோபுரத்தத் தாண்டி, கலசத்தத் தாண்டி, மேல மேல போயி ஆகாசம் பூரா பூவாக் கொட்டுச்சு பாருங்க. சத்தியமா சொல்றேன், ரெண்டு புள்ள பெத்தப்பக் கூட நான் அப்படிச் சந்தோஷப்படல. ஊர் கத்துன கத்துல என் கத்தல் எனக்கே கேக்கல.

கோயிலுக்குப் பின்னால "டங்"குனு ஒரு சத்தம். ஓடிப் பாத்தா, காதுல பஞ்ச வச்சிக்கினு எங்க வூட்டுக்காரரு நிக்கறாரு, பக்கத்துல எங்க மினி வேன், அது கூரை மேல குச்சி. சத்தம் எட்டாத எடமா வேணும்னு அவரு கேட்டிருக்காரு, வண்டிய நிறுத்த எடம் காட்டினது அஞ்சல அக்காவாம். அவங்க கொல்லதான், மூணாவது வரப்பு. அக்கா குச்சியத் தலைக்கு மேல தூக்கிக்கினு சிரிக்கறாங்களா அழுவறாங்களான்னே தெரியல. தர்மகர்த்தா வேனையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

"அடுத்த வருஷமும் நீதாம்மா வரணும். ஆனா வண்டிய எங்க கரும்புக் கொல்லையில நிறுத்தச் சொல்லு."

ஊரு வண்டியெல்லாம் தட்டி நிமித்தற எங்க வூட்டுக்காரரு, எங்க வேன் கூரையில விழுந்த பள்ளத்த மட்டும் ராசி கெட்டுடும்னு இன்னும் தொடவே இல்லீங்க.