நாலாம் பக்கத்து மாமி

படிவம் நிரப்புகிறவனுக்குக் கையெழுத்து அழகாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஒரு நாளாவது என் மேசையில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். காலையிலிருந்து வரிசையில் நின்று, முறை வந்ததும் 'இன்னொரு பிரதி எங்கே?' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நான் அந்தப் பிரதிகளோடு வாழ்ந்தவன். தொண்ணூறுகளில் பலெர்மோவில், அல்பெர்கேரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு தொழிலாளர் உதவி அறை இருந்தது. அதன் மூலையில் கால் ஆடும் மேசை என்னுடையது.

வள்ளமும் வாதுமையும்

அந்த வருடத்து வரவுசெலவுச் சட்டம் தலையணை மொத்தத்தில் வந்திருந்தது. அதன் நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் எங்களைப் போல் வந்து குடியேறியவர்களைப் பற்றி இரண்டு வரி செருகியிருந்தார். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி உள்ளவர்கள் கணவனையோ மனைவியையோ, இருவரில் ஒருவரைச் சார்ந்து வாழும் பெற்றோரையோ அழைக்கலாம். அதற்கு முந்தின வரி மீன்பிடி வள்ளங்களுக்குக் கடன். பிந்தின வரி பூச்சி அரித்த வாதுமை மரங்களுக்கு நட்டஈடு.

அந்த இரண்டு வரியை விசாரிக்க வாராவாரம் வருபவர் ராணியக்கா. வியா மக்வேதா என்ற பெரிய வீதியில் ஒரு வீட்டில் வேலை. புருசன் யாழ்ப்பாணத்தில். பார்த்து நாலு வருடம். எங்கள் வரியைத் தனியாகக் கொண்டுபோனால் ஒருத்தரும் கை தூக்க மாட்டார்கள் என்று அவருக்கு விளக்கினேன். வரவுசெலவு நிறைவேறாவிட்டால் அரசாங்கமே விழுந்துவிடும், அதனால் தேவை உள்ளவர்கள் எல்லாரும் பஸ்ஸில் தொங்குவதுபோல் அதைப் பிடித்துத் தொங்குகிறார்கள், பஸ் போய்ச் சேர்ந்தால் எல்லாரும் போய்ச் சேரலாம் என்றேன். இப்படி ஒளித்து வைப்பதெல்லாம் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும், எந்தத் தாளையும் பின்னாலிருந்து வாசிக்கப் பழகுங்கள் என்று இலவசமாக ஒரு புத்திமதியும் சொன்னேன். அக்கா அதைத் தன் கணக்கில் சொன்னார்.

"அப்ப வள்ளக்காரர் கரை சேர்ந்தால்தான் என்ரை மனுசனும் கரை சேருவார்."

சிஞ்ஞோராவின் கடற்கரை வீடு

அதே சட்டத்தில் இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு புது வீட்டு வரியும் தொங்கியது. ராணியக்கா வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவுக்குக் கடற்கரையில் இன்னொரு வீடு. காலைக் கோப்பியோடு அந்த அம்மா சட்டத்தைத் திட்டத் தொடங்குவார். அக்கா 'ஓம் சிஞ்ஞோரா, ஓம் சிஞ்ஞோரா' என்று தலையாட்டிக்கொண்டே துடைப்பார். மனதுக்குள் மட்டும், பிள்ளையாரே அது எப்படியாவது நிறைவேற வேண்டும் என்று நேர்த்தி. இந்தச் சட்டம் விழுந்தால் அன்று முழுநாள் லீவு என்று சிஞ்ஞோரா ஒருநாள் ஆசை காட்டினாராம். அக்கா அதை என்னிடம் வந்து சொன்னார்.

"நாலு வருசமாய் வீட்டிலை தனியத்தான் இருக்கிறன் தம்பி. லீவு எடுத்து ஆரோடை கதைக்கிறது?"

மண்டபத் தீர்மானம்

ரோமில் இருக்கும் பாராளுமன்றத்தைப் பார்த்து நாங்களும் கெட்டுப்போனோம். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நான் செயலாளர். நவராத்திரிக்குப் பலெர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் ஒரு மண்டபம் எடுப்பதாகத் தீர்மானம். எல்லாருக்கும் வேண்டிய விசயம் என்பதால் எல்லாரும் அதில் தொங்கினார்கள். மொரிசியஸ்காரர் வீராசாமி தைப்பூசக் காவடியைச் சேர்த்தார். இளந்தாரிகள் கரப்பந்து வலையைச் சேர்த்தார்கள். விழா முடிந்ததும் பாத்திரம் கழுவுவது ஆண்கள் என்று ராணியக்கா ஒரு வரி வைத்தார். அந்த வரியை எதிர்த்தால் மண்டபத்தையே எதிர்த்ததாகிவிடும் என்பதால் ஆண்கள் முகத்தைத் தொங்கப்போட்டபடி கை தூக்கினார்கள்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கி நல்ல பிரதி எழுதியது நான். இடம் காணாமல் இதை வெட்டி அதை ஒட்டியதில் மண்டபம் எடுப்பது என்ற வரியே விட்டுப்போயிற்று. அதை ஒருவரும் கவனிக்காமல் கையெழுத்தும் வைத்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் தலைவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாத்திரம் கழுவ ஆம்பிளையள் இருக்கினம். எங்கை வைச்சுக் கழுவுறது?"

நாலாம் பக்கம்

சட்டம் நிறைவேறியது. ராணியக்கா வேலை உடுப்போடு மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். அன்றே படிவத்தைத் தொடங்கினோம்.

அந்தக் கிழமை அவருடைய புருசன் குலம் அண்ணையிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. ஷெல் விழுகிற ஊரில் அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வரமாட்டாராம். ஆனால் ராணியிடம் சொன்னால் குழப்பமாகிவிடும், அம்மாவின் பெயரையும் பக்குவமாகச் சேர்த்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். மாமியும் மருமகளும் ஒரே குசினியில் இரண்டு உப்புப் போத்தல் வைத்துச் சமைத்தவர்கள் என்பது எனக்கும் தெரியும். நேரே கேட்டால் அக்கா மாட்டேன் என்பார், அண்ணையும் வரமாட்டார். ரோம் எனக்கு வழி காட்டியது. முதல் பக்கத்தில் குலம் அண்ணை, கொட்டை எழுத்தில். இரண்டில் வீடு, மூன்றில் சம்பளம். நாலாம் பக்கத்து அடியில், 'சார்ந்து வாழ்பவர்' என்ற கட்டத்தில், பொடி எழுத்தில் மாமி.

கையெழுத்து வைக்கும் இடத்தை விரலால் காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டார், தாள்களைப் புரட்டினார், கையெழுத்து வைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்டு இன்னும் வெட்கமாக இருந்தது.

"நீங்கள் எழுதினால் பிறகென்ன தம்பி, நான் நம்பி வைக்கலாம்தானே."

செவ்வாய்க்கிழமை

அண்ணை வந்தார், மாமியும் வந்தார். அக்காவின் கண்ணில் படாமல் இருக்க நான் இரண்டு கிழமை லீவு போட்டுச் சந்தைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் கிழமை செவ்வாய்க் காலை நான் அறையைத் திறந்தபோது வாசல் வாங்கில் மாமி மருந்துப் பையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ராணியக்கா. பயணத்துக்கு முன் புருசனுக்கு எழுதிய கடிதத்தின் பிரதியை அவர் என்னிடம் நீட்டினார். அம்மா வரச் சம்மதம், ஆனால் மூன்று நிபந்தனை என்று அதில் இருந்தது. வீட்டில் ஒரு உப்புப் போத்தல்தான். பாத்திரம் அண்ணை கழுவ வேண்டும். மூன்றாவது: டொக்டர், மருந்துக்கடை, பெர்மெஸ்ஸோ கொடுக்கும் குவெஸ்தூரா எல்லாவற்றுக்கும் செவ்வாய்தோறும் மாமியைக் கூட்டிப்போவது படிவம் எழுதும் தம்பி, அவர் ஓமென்றுவிட்டார்.

நான் எப்போது ஓமென்றேன் என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா விடவில்லை.

"நாலாம் பக்கத்தைத்தான் தம்பி நான் முதல் வாசிச்சனான். கேட்டிருந்தால் ஓமெண்டிருப்பன், வயசான மனுசியைச் சண்டைக்குள்ளை விட்டிட்டு வாங்கோ எண்டு சொல்ல நான் என்ன கல்லோ? நீங்கள் கேக்காமல் வைச்சனீங்கள், நானும் கேக்காமல் ஐஞ்சாம் பக்கம் வைச்சனான்."

ரோமில் சட்டத்தோடு எதைத் தொங்கவிட்டாலும் அதை வேறு யாரோதான் சுமக்கிறார்கள், நான் தொங்கவிட்டதோ ஒவ்வொரு செவ்வாயும் எட்டரை மணிக்கே வந்து, "போவமே தம்பி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பியது.