சும்மா கிடந்த இடம்

பகலெல்லாம் கோவில்பட்டி உரக்கடையில் பில் போடுகிறவனுக்கு டிசைன் கிறுக்கு எதற்கு என்று கேட்டுக் கேட்டு என் வீட்டில் ஓய்ந்துவிட்டார்கள். வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அதில் எனக்குப் பிடித்த பாடம் ஒன்றுதான்: காலி இடம் விட வேண்டும், கண் இளைப்பாற வேண்டும். எங்கள் ஊர் பிளக்ஸ் போர்டுகளில் கண் எங்கே இளைப்பாறுவது? எங்கே பார்த்தாலும் யாராவது கும்பிட்டபடி நம்மையே முறைக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் வயிறு எரியும்.

இடைசெவலில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை, தன் மகன் காதுகுத்துக்கு என்னையே பிளக்ஸ் போடச் சொன்னாள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அந்தத் தாய்மாமன் நான்தான். ஒரு குழந்தையின் காதை மட்டும் பெரிதாக வரைந்தேன். மடலில் பொட்டுத் தங்கம். கீழே சின்ன எழுத்தில் அழைப்பு. மற்றதெல்லாம் வெறும் கரிசல் நிறம். நானே நாலைந்து தடவை எட்ட நின்று ரசித்தேன்.

குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டதும், தங்கையின் மாமனார் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்றார். மழை பெய்தும் விதைக்காத காட்டைப் பார்த்தது மாதிரி அவருக்குப் பொறுக்கவில்லை. உடனே தன் படத்தை அனுப்பினார். அப்புறம் சித்தப்பாமார், அத்தைமார், கூலிங்கிளாஸ் போட்ட கொழுந்தன். ஒருவர் அனுப்பிய படத்தில் அவர் தோளில் வேறு யாருடைய கையோ இருந்தது. அந்தக் கையையும் சேர்த்துத்தான் போட வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோரையும் ஏற்றினேன். காதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

விசேஷத்தன்று காலையில் போனால் தங்கை கண் கலங்கி நிற்கிறாள். பிளக்ஸில் எல்லோரும் இருக்கிறார்கள், தாய்மாமனைக் காணோம். அண்ணனுக்கு ஏதோ கோபம், படம் தர மறுத்துவிட்டானாம் என்று அதற்குள் பந்தி வரை பேச்சுப் போய்விட்டது. வரைந்தவன் தன் மூஞ்சியைத் தானே போட்டுக்கொள்வது அசிங்கம் என்று நான் கலைஞனாகப் பேசிப் பார்த்தேன்.

அவள் மாமியார் நிதானமாகக் கேட்டார்: “சரி தம்பி, இதுல நீங்க எங்கன இருக்கீய?”

நான் காதைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு என் காதைப் பார்த்தார்.

தங்கை என்னிடம் யோசனை கேட்கவில்லை. பிளக்ஸ் அடித்த கோவில்பட்டி கடைக்குப் போன் போட்டு, தன்னிடமிருந்த என் படம் ஒன்றை அனுப்பினாள். கடைக்காரர் என் முகத்தைத் தனியாக ஸ்டிக்கர் அடித்து, இடைசெவல் வழியாகப் போகும் கயத்தாறு பஸ்ஸில் கொடுத்துவிட்டார். அவளுடைய கல்யாணப் பந்தியில் எடுத்த படம்: கண் பாதி மூடி, கன்னம் உப்பி, வாய் நிறைய அப்பளம். வெட்டிய லட்சணத்தில் வாழை இலையின் ஓரமும் கூடவே வந்திருந்தது. நான் வரைந்த காதின் மேலேயே அதை ஒட்டி, குமிழ் இல்லாமல் உள்ளங்கையால் தடவிவிட்டாள். அப்புறம்தான் அவள் முகத்தில் ஈரம் காய்ந்தது. பிள்ளை என் மடியில் வீரிட்டபோதும் நான் மறைந்துபோன அந்தக் காதை நினைத்துத்தான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்தில் மறுபடி போனேன். மாட்டுக்குச் சேர்த்து அடுக்கிய சோளத்தட்டைப் படப்பின் மேல் அந்த பிளக்ஸ் விரித்துக் கிடந்தது. மாமனார், சித்தப்பாமார், கூலிங்கிளாஸ், தோளில் யாரோ கை, எல்லாரும் நனைந்தபடி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் பெரிய ஓட்டை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெட்டியது யார் என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன்.

பீரோக் கதவில் அப்பளமும் நானுமாக ஒட்டியிருந்தோம்.

“நாந்தான் வெட்டுனேன்” என்றாள் தங்கை. “எங்கண்ணன் மூஞ்சி மழையில நனையவா?”

அந்த ஸ்டிக்கருக்கு அடியில்தான் நான் வரைந்த காது இருக்கிறது. நான் உரித்துப் பார்க்கவில்லை.