ஆஃப் பண்ணாத கம்ப்யூட்டர்

அரியலூர் ரோட்டில் ஒரு எடை மேடையில் எனக்கு வேலை. சுண்ணாம்புக்கல் லாரி வரும். கம்ப்யூட்டரில் வண்டி நம்பரை அடிப்பேன். காலி வண்டியின் எடையைத் தேடி எடுத்துக் காட்டும். சீட்டு கொடுப்பேன். எட்டாவது படிச்சவனுக்கு அது போதும்.

புதுசில் அடிச்ச உடனே பதில் வந்தது. போகப் போக மந்தமாச்சு. கடைசியில், நம்பரை அடிச்சுட்டு டீ குடிச்சிட்டு வரலாம்னு ஆயிருச்சு.

முதலாளி கம்ப்யூட்டரைத் திட்டவில்லை. அது நல்ல நேரம் பார்த்து, சந்தனம் குங்குமம் வச்சு ஆன் பண்ணினது. அன்னையிலேருந்து ஆஃப் பண்ணக் கூடாதுன்னு உத்தரவு. கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும். அதனால் திட்டு எனக்கு. என் கைதான் மந்தமாம். என் நாற்காலியைத் தன் மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். என்னை வெளியே நிறுத்தி லாரிக்கு ரைட், லெஃப்ட் சொல்ல வச்சார். அந்த மாசத்தோட அனுப்பிடலாம்னு பேச்சு.

மாப்பிள்ளை இன்ஜினீயரிங். அவர் உட்கார்ந்ததும் லாரி வரிசை ரோட்டுக்கு வந்துருச்சு. ஒரு டிரைவர் இறங்கி வந்து, "உள்ள ஆள் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளை நிதானமா பார்க்குறாருப்பா," என்றார் முதலாளி.

நான் செய்தா மந்தம். அவர் செய்தா நிதானம்.

லாரிகள் வேற மேடைக்குத் திரும்ப ஆரம்பிச்சதும்தான் திருச்சியிலேருந்து புரோகிராம்காரரைக் கூப்பிட்டார். அவர் ஒரே நம்பரைத் திரும்பத் திரும்ப அடிச்சுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட லேட். முதலாளி சாப்பிடப் போன நேரம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார். அதே நம்பர், உடனே வந்தது. தேடி முடிச்ச ஒவ்வொண்ணையும் புரோகிராம் மூடாம அப்படியே வச்சிருக்காம். எடை போட்ட லாரி மேடையை விட்டு இறங்காம நிக்கிற மாதிரின்னு விளக்கினார். புரோகிராமைத் திருத்தித் தரேன், அதுவரைக்கும் தினம் ஒரு தடவை ஆஃப் பண்ணுங்கன்னார். அந்தப் புரோகிராமை எழுதினதே அவர்தான். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

முதலாளி காலண்டர் தாளைப் பார்த்தார். ராகு காலத்தில் மட்டும் ஆஃப் பண்ணாதேன்னு ஒத்துக்கிட்டார்.

தினம் காலையிலேயே வந்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்னதும் மாப்பிள்ளைக்கு முதுகுவலி வந்துருச்சு. மறுபடி நான் உட்கார்ந்தேன். முதல் லாரிக்குச் சீட்டு சட்டுன்னு வந்தது. முதலாளி பின்னாலேயே நின்னு பார்த்தார்.

"பார்த்தியா, வெயில்ல நிறுத்தினதும் கை வேகம் வந்துருச்சு."

"ஆமாங்க"ன்னேன். அடுத்த வண்டி நம்பரை அடிச்சேன்.